யாருக்காகக் கட்டிய வீடு?

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் பெருஞ்சாலையில் சமயபுரம், பாடாலூர், சிறுவாச்சூர், பெரம்பலூர் எல்லாம் கடந்த பிறகு வாலிகண்டபுரம் என்ற ஊர் வருகிறது. வருகிறது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். சாலை இப்போது அத்தனை அகலம். வண்டிகள் அத்தனை வேகம். கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தால் ஊர் பின்னால் போய்விடுகிறது. இங்கே வாலி சிவபெருமானைப் பூஜித்தான் என்பது தலபுராணம். பஸ் டிரைவருக்கு வாலியும் ஒன்றுதான், சுக்கிரீவனும் ஒன்றுதான். நிறுத்தச் சொன்னால் முறைத்துப் பார்க்கிறார்.

சென்ற கோடையில் அந்த முறைப்பையும் வாங்கிக்கொண்டு நான் அங்கே இறங்கியதற்குக் காரணம் என் அத்தை. அவளுடைய மகன் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு கட்டியிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாமல் போயிற்று. ஆறு மாதம் கழித்து, ஒரு எவர்சில்வர் குடத்தையும் குற்றமுள்ள மனசையும் சுமந்துகொண்டு போனேன்.

வீட்டைப் பார்த்ததும் திகைத்து நின்றேன். சினிமாவில் பண்ணையார் மகன் பட்டணத்திலிருந்து திரும்பி வந்து கட்டுவானே, அந்த மாதிரி வீடு. முகப்பில் இரண்டு வர்ணம். ஒரு பக்கம் கல் பதித்த மாதிரி ஒரு சுவர். அது கல் அல்ல. மாடியில் கண்ணாடிக் கைப்பிடி. முகப்புக்கு இப்போது ‘எலிவேஷன்’ என்று பெயர். கிராமத்துக் கொத்தனார் முதல் பட்டணத்து என்ஜினீயர் வரை அந்த வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்.

“எலிவேஷன் எப்படி இருக்கு மச்சான்?” என்று கேட்டான் அத்தை மகன்.

“பிரமாதம்” என்றேன். பிரமாதமாகத்தான் இருந்தது. பதினைந்து வருஷம் வெளிநாட்டு வெயிலில் நின்று சேர்த்த பணம். அவன் அதைச் சீட்டாட்டத்தில் விடவில்லை. அம்மாவுக்காக வீடு கட்டியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உள்ளே போனேன். முகம் தெரிகிற மாதிரி வழவழப்பான டைல்ஸ் தரை. மேலே இன்னொரு பொய்க் கூரை. அதற்குள்ளிருந்து விளக்குகள் ஒளிந்துகொண்டு எரிந்தன. ஜன்னல்கள் எல்லாம் கண்ணாடி. ஏ.ஸி. போட்டிருப்பதால் எல்லாம் சாத்தியிருந்தன. கடைசி அறையில் அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்று தெரியும், அவ்வளவுதான்.

“யாரு, தம்பியா? வாப்பா, வா. நல்லாயிருக்கியா? இப்ப மணி என்னா இருக்கும்?”

பன்னிரண்டரை என்றேன். பேச்சு எங்கெங்கோ போயிற்று. சற்று நேரம் கழித்து மறுபடியும், “மணி என்னா இருக்கும்?” சாப்பிட்டு எழுவதற்குள் நான்கு தடவை கேட்டுவிட்டாள். வயசானவர்களுக்கு ஞாபகம் தப்புவது சகஜம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான், அவளுக்கு ஞாபகம் கொஞ்சமும் தப்பவில்லை என்பது புரிந்தது. என் கல்யாணத்தில் யார் யார் என்ன மொய் எழுதினார்கள் என்பதைக்கூட ஒப்பித்தாள்!

பழைய வீட்டில் அவள் யாரிடமும் மணி கேட்டு நான் பார்த்ததில்லை. நடுவில் முற்றம். முற்றத்து வெயில் முதல் தூணின் காலடிக்கு வந்தால் காப்பி வேளை. தாழ்வாரத்தில் ஏறினால் உலை வைக்கும் வேளை. பார்வை மங்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. கண்ணுக்குத் தெரிந்த வெயிலைக் காலுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். திண்ணையில் யாராவது உட்கார்ந்தால், உட்காருகிற சத்தத்திலேயே ஆளைச் சொல்வாள். ஓட்டின் மேல் மழை விழுந்தால், “இது நிக்கிற மழை இல்லே” என்பாள்; நிற்காது. அந்த வீடு அவளோடு நாள் முழுவதும் பேசிக்கொண்டிருந்தது. புது வீட்டுக்குப் பேசத் தெரியவில்லை. ஆகையால் அவள் மனிதர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் கதை எழுதுகிறவன். கட்டடக் கலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு வீடு இல்லாமல் ஒரு நாளும் பொழுது போகாது. இரண்டு பேரை ரகசியம் பேச வைக்க வேண்டும் என்றால் அதற்கு ஓர் இருட்டுத் தாழ்வாரம் தேவை. கோபித்துக்கொண்ட மருமகள் எங்கே போய் நிற்பாள், சொல்லாமல் வந்த விருந்தாளி எவ்வளவு நேரம் எங்கே காத்திருப்பான் என்பதெல்லாம் தெரியாமல் ஓர் அத்தியாயம் எழுத முடியாது. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். வாலீசுவரர் கோயில் பழைய கோயில். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள கோயில். புஸ்தகங்கள் அதன் சிற்பங்களைப் பற்றிச் சொல்லும். நான் அன்றைக்குச் சிற்பம் பார்க்கிற மனநிலையில் இல்லை. அத்தையை மனசில் வைத்துக்கொண்டு, கண்ணைவிட்டு மற்ற புலன்களால் இந்தக் கட்டடத்தைப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

பாருங்கள், என்ன ஆச்சரியம்! வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். அங்கேயே கட்டடத்துக்கும் நமக்கும் தொடர்பு உண்டாகிவிடுகிறது. பகல் முழுவதும் காய்ந்த கல் உள்ளங்காலைச் சுடுகிறது; நடை தானாகவே வேகமாகிறது. கோபுர நிழலில் ஒரு கணம் குளிர்ச்சி. பிராகாரத்தில் மறுபடியும் சூடு. மண்டபத்தில் ஏறியதும் கல்லில் குளுமை, நடை தளர்கிறது. வெளியே உரக்கப் பேசிக்கொண்டு வந்தவர்கள் அங்கே குரலைத் தாழ்த்துகிறார்கள். யாரும் தாழ்த்தச் சொல்லவில்லை. தன் குரல் தூண்களில் மோதித் தன்னிடமே திரும்பி வரும்போது மனிதனுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்துவிடுகிறது. உள்ளே போகப் போக வெளிச்சம் படிப்படியாகக் குறைகிறது, இடமும் குறுகுகிறது. வௌவால் வாடை போய் எண்ணெய் வாடை வருகிறது. எண்ணெய்க்குப் பின்னால் விபூதி. கண் இருட்டுக்குப் பழகுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு தூரத்தை நடக்க வைத்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கற்பூரச் சுடரைக் காட்டுகிறார்கள். அந்தச் சுடரை நடுப்பகலில் தெருவில் காட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அந்த ஸ்தபதி மனோதத்துவம் படித்தவன் அல்ல. மனிதனுக்குக் கால் உண்டு, காது உண்டு, மூக்கு உண்டு, அவன் வெளியிலிருந்து ஒரு படபடப்போடு வருகிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் படபடப்பை இறக்கி வைக்கக் கல்லால் வழி செய்தான். இன்றைய நம் கட்டடங்கள் கண்ணை மட்டும் விசாரிக்கின்றன. அதுவும் தெருவில் போகிறவனுடைய கண்ணை. ‘எலிவேஷன்’ என்ற வார்த்தைக்கு நான் கண்ட பொருள் இதுதான்.

இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, ‘ஆகவே முன்னோர்களைப் பின்பற்றுவோமாக’ என்று முடித்துவிட்டால் கட்டுரை அழகாக அமைந்துவிடும். ஆனால் பிராகாரத்தைச் சுற்றி வரும்போதே ஒரு முள் குத்தியது. இந்தக் குளுமையும் இந்தச் சுடரும் யாருக்காகச் செய்யப்பட்டவை? இதே தமிழ்நாட்டில் எத்தனை கோயில்களில் எத்தனை தலைமுறை மனிதர்கள் வெளியே சுடுகிற தரையோடு நிறுத்தப்பட்டார்கள்! மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலையில் வைத்தியநாதய்யர் அவர்களை அழைத்துக்கொண்டு போனபோது நாடே அதிர்ந்தது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்கு விரிவான சட்டம் 1947-இல்தான் வந்தது. கல்லைச் சுமந்து ஏற்றியவனின் உள்ளங்கால் அந்த மண்டபத்தின் குளுமையை அறிவதற்கு எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! புலன்களை அறிந்து கட்டினார்கள், உண்மை. யாருடைய புலன்களை என்று கேட்பதற்கு நமக்குத்தான் நெடுநாள் பிடித்தது.

இந்த முள்ளோடு வீட்டுக்குத் திரும்பினேன். இரவு அத்தையின் கட்டிலருகே உட்கார்ந்து, பழைய வீட்டைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். முற்றம், தூண், ஓட்டுக் கூரை என்று ஒன்றுவிடாமல் பேசினேன். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“நீ லீவுக்கு வந்து திண்ணையில படுத்திருந்துட்டுப் போனவன் தம்பி. அந்த வீட்டு அடுப்பங்கரை உனக்குத் தெரியுமா? ஒரு சன்னல் கிடையாது. அந்தப் பொகையிலதான் இந்தக் கண்ணு போச்சு. ராத்திரி கொல்லைக்குப் போவணும்னா ஒரு ஆளை எழுப்பணும். இங்க எட்டி வச்சா கக்கூசு. என் மவன் மகராசனா இருக்கணும்.”

என் வாய் அடைத்துவிட்டது. கண் போனதற்குப் புகைதான் காரணமா என்பது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் நாற்பது வருஷம் அந்தப் புகையில் நின்றது நிஜம். நான் போற்றிப் பாடிய அந்தப் பழைய வீடு, திண்ணையில் உட்கார்ந்தவனை விசாரித்தது. முற்றத்தில் நின்றவனை விசாரித்தது. சோறு பொங்கியவளை விசாரிக்கவில்லை. கோயில் பிராகாரத்தில் எனக்குத் தைத்த முள்ளே வீட்டுக்குள்ளும் கிடந்திருக்கிறது. அதை மிதித்தது நான் அல்ல. ஆகவே எனக்குத் தெரியவில்லை.

ஆகவே சண்டை பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் அல்ல. ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் அல்ல. சிமெண்டைத் திட்டுவது இப்போது நாகரிகமாகியிருக்கிறது. அரியலூர்ப் பக்கம் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்தான் இன்று அங்கே ஆலைகளில் சிமெண்டாகிறது. அது என்ன பாவம் செய்தது? அதைக் கொண்டு என்ன கட்டுகிறோம் என்பதல்லவா கேள்வி!

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். அந்தச் சாட்சிக்கும் வாலிகண்டபுரத்துக்கும் தூரத்து உறவு ஒன்று உண்டு. பீஜப்பூர் சுல்தானின் பிரதிநிதியாக இந்த ஊரில் இருந்துகொண்டு அதிகாரம் செலுத்திய ஷேர்கான் லோடி என்பவர்தான் 1673-ஆம் ஆண்டு வாக்கில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் இடம் கொடுத்தார். அவர் கொடுத்த இடம் நகரமாகி, அந்த நகரத்தில் 1930-களின் பிற்பகுதியில் ஒரு கட்டடம் எழும்பத் தொடங்கியது. அரவிந்த ஆசிரமத்துச் சாதகர்கள் தங்குவதற்கான ‘கோல்கொண்டா’ விடுதி அது. செக் நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் தொழில் பழகி, ஜப்பானில் கட்டடங்கள் கட்டிய அன்டோனின் ரேமண்ட் அதற்குத் திட்டம் போட்டார். ஜார்ஜ் நகாஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கர் புதுச்சேரியிலேயே தங்கி வேலையைக் கவனித்தார். இந்தியாவில் இரும்புக் கம்பி வைத்துக் கான்கிரீட்டால் கட்டிய முன்னோடிக் கட்டடங்களில் அது ஒன்று. ஆம், சாட்சாத் சிமெண்ட் கட்டடம்தான்!

அதில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. தெற்கு முகம், வடக்கு முகம் இரண்டிலும் மேலிருந்து கீழ் வரை பலகை பலகையாகச் சாய்கதவுகள். வெயிலுக்கு ஒரு சாய்வு, காற்றுக்கு ஒரு சாய்வு, மழைக்கு ஒரு சாய்வு என்று அறையில் இருப்பவர் தம் கையாலேயே திருப்பி வைத்துக்கொள்ளலாம். அறைக்கும் நடைக்கும் நடுவில் தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவு. காற்று அதன் வழியே போகும், பார்வை போகாது. தளத்துக்கு மேலே இன்னொரு வளைந்த கூரை. இரண்டுக்கும் நடுவே காற்று புகுந்து சூட்டைக் கொண்டு போய்விடும். கால் படும் தரை குளிர்ச்சியான கறுப்புக் கல். நான் அங்கே தங்கியவன் அல்ல. தெருவில் நின்று பார்த்தவன், படித்தவன். தெருவில் நின்று பார்ப்பவனுக்கு அந்தக் கட்டடம் ஒன்றும் காட்டுவதில்லை. அதன் பெருமையே அதுதான்.

ஆனால் அதையும் அப்படியே வாலிகண்டபுரத்தில் கொண்டுவந்து வைத்துவிட முடியாது. அது மௌனத்தை விரும்புகிறவர்களுக்காகக் கட்டியது. என் அத்தைக்கு மௌனம் ஒரு தண்டனை. பேரன் அழ வேண்டும், பக்கத்து வீட்டுக்காரி வந்து புளி கடன் கேட்க வேண்டும், அப்போதுதான் அவளுக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். சாதகரின் மனசை அறிந்து சாதகருக்குக் கட்டினார்கள், நன்றாக வந்தது. அத்தையின் மனசை அறிந்தால் வேறு மாதிரி வரும்.

பின்லாந்து தேசத்தில் பாய்மியோ என்ற ஊரில் 1933-இல் க்ஷயரோகிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டி முடித்தார்கள். அதைக் கட்டிய அல்வார் ஆல்டோ முதலில் கவனித்தது மிகச் சாதாரணமான ஒரு விஷயம். நோயாளி நிற்கிறவன் அல்ல, படுத்திருக்கிறவன். அவனுக்குச் சுவரைவிட முகடுதான் முக்கியம். ஆகவே முகட்டுக்குக் கண்ணை உறுத்தாத நிறம். விளக்கு அவன் கண்ணில் நேரே படாத இடத்தில். கதகதப்பு காலடிக்கு வரும்படி ஏற்பாடு. கை கழுவும் தொட்டியைக்கூடத் தண்ணீர் சத்தமில்லாமல் விழும்படி அமைத்தார். ஏனென்றால் அறையில் இன்னொரு நோயாளி தூங்கிக்கொண்டிருப்பான்! இந்த ஒரு தொட்டிக்காக அந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம்.

இதெல்லாம் வெறும் சொகுசு என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர், பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் ஒரே மாதிரியான 23 ஜோடிகளை ஒப்பிட்டு 1984-இல் முடிவை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரமாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். மரம் ஒன்றும் செய்யவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அத்தையின் கட்டில் காலியாக இருந்தது. வீடு முழுவதும் தேடினோம். கடைசியில் பின்பக்கம் போனால், அங்கே வெங்காயப் பட்டறையை ஒட்டிப் போட்டிருந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

பட்டறை என்றால் என்ன என்று பட்டணத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரம்பலூர்ச் சீமை சின்ன வெங்காயத்துக்குப் பெயர் போனது. அறுவடை செய்த வெங்காயத்தை மூட்டை கட்டி அறையில் போட்டால் வெந்து அழுகிவிடும். ஆகவே தரையிலிருந்து உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப் புகும்படி தட்டி கட்டி, மேலே கூரை வேய்ந்து வைப்பார்கள். அதுதான் பட்டறை. மழை படக் கூடாது, வெயில் சுடக் கூடாது, காற்று மட்டும் ஓய்வில்லாமல் போய்வர வேண்டும். வெங்காயத்தின் குணம் அறிந்து கட்டிய வீடு.

அத்தை மகன் பதறினான். “ஏம்மா, ஏ.ஸி. ரூமை விட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கியே! வழுக்கி விழுந்திருந்தா?”

“உள்ளாரதான்டா வழுக்குது. இங்க மண்ணுல்ல? கீழைக் காத்து அடிக்குது பாரு. மணி ஏழு ஆவல இன்னும்.”

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழாவதற்குப் பத்து நிமிஷம் இருந்தது.

அத்தை மகன் ஒன்றும் பேசவில்லை. பட்டறையைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். மனையடி சாஸ்திரம் பார்த்து, வாஸ்து பார்த்து, வாசல் எந்தத் திசை, சமையல் எந்த மூலை என்று கேட்டுக் கேட்டுக் கட்டிய வீடு. எட்டுத் திக்குக்கும் அதிபதிகளைக் கேட்டவன், அம்மா எங்கே உட்காருவாள் என்று அம்மாவைக் கேட்கவில்லை. அன்பு இல்லாமல் அல்ல. கேட்க வேண்டிய விஷயம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மேஸ்திரி சொல்லவில்லை, என்ஜினீயர் சொல்லவில்லை, திண்ணையில் படுத்து வளர்ந்த நானும்தான் சொல்லவில்லை.

நான் ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து டெலிபோனில் பேசினான். கடைசி அறையின் கீழைச் சுவரை இடித்து ஒரு கதவு வைத்தாயிற்றாம். கதவுக்கு வெளியே ஓடு வேய்ந்த ஒரு தாழ்வாரம். சொரசொரப்பான சிமெண்டுத் தரை. பிடித்துக்கொண்டு நடக்க ஒரு மரச்சட்டம். எலிவேஷனுக்கு ஒரு குறையும் இல்லை, பின்பக்கம்தானே என்றான். கக்கூசு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

“அம்மா மணி கேட்கிறாங்களா?” என்றேன்.

“இப்ப நாங்கதான் மச்சான் அவங்களைக் கேட்கிறோம்” என்றான்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் வீடு கட்டிக்கொண்டிருக்கலாம். சிலர் கடன் கேட்டு பாங்கில் மனுப் போட்டிருக்கலாம். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றே ஒன்றுதான். வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது பணம் கொடுப்பவராக இராது. அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு, அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள்.